பளிச்சக்காவும் பட்ட மரமும்

அவர் இறந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுத்தத்தைப் பற்றியே பேசினார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குனிந்தால் முகம் தெரியும் என்றார் ஒரு டாக்டர். கதவின் மேல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார், தூசி ஒட்டினால் அன்றைக்கு ஒருத்தருக்கும் டீ தொண்டையில் இறங்காது என்றாள் ஒரு நர்ஸ். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் இதற்கு நேர்மாறானது. தன் கையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஆற்றை, ஊர் கைகொட்டிச் சிரிக்க, அவரே இறங்கி மறுபடியும் அழுக்காக்கினார்.

ஊருக்கு அவர் பளிச்சக்கா. ஆற்றங்கரைப் பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். வார்டுக்குள் நுழையும்போதே "பளிச்சுன்னு இருக்கணும்" என்பார். அதைச் சொல்லிச் சொல்லியே சொந்தப் பெயர் மறைந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் குள்ளம். குரல் மட்டும் மாடிப்படி ஏறி மொட்டை மாடி வரைக்கும் போகும். தரை துடைக்கும் பெண்களை அவர் திட்டுவார். அவர்களை வேறு யாராவது திட்டினால், அது பெரிய டாக்டராகவே இருந்தாலும், உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அவருடைய கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் காட்டிய பிறகுதான் வீட்டுக்குள் அனுமதி. அப்போதும் அவர் உட்காரும் நாற்காலியில் ஒரு பழைய போர்வை விரித்திருக்கும். "உலகத்துலேயே சுத்தமான பொம்பளையைத் தேடிப் பிடிச்சு, உலகத்துலேயே அழுக்கான ஆளுக்குக் கட்டி வச்சுட்டாங்க" என்று அவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். "இவ வீட்டுல ஈ உள்ள வரணும்னாகூட காலைக் கழுவிட்டுத்தான் வரும்."

ஆஸ்பத்திரியின் பின்பக்க ஜன்னல்கள் ஆற்றைப் பார்த்தவை. யாரும் அவற்றைத் திறப்பதில்லை. திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒரு நாள் பிரசவ வார்டு ஜன்னலைத் துடைக்கும்போது, கரையோரப் புதரில் ஒரு வெள்ளைத் துணி தொங்குவது பளிச்சக்காவின் கண்ணில் பட்டது. ஓரத்தில் நீலத் தையல். அவருடைய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு. கிழிந்ததை யாரோ பின்வழியாக வீசியிருக்கிறார்கள். தன் வீட்டு அழுக்குத் துணியை நடுத்தெருவில் யாரோ கொடி கட்டித் தொங்கவிட்டதுபோல அவருக்கு உடம்பு கூசியது. செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கி அதை எடுத்து வந்தார். எடுத்தவர் விரிப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. அங்கே என்னென்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அன்றோடு போயிற்று.

முதலில் அவரும் வார்டுப் பெண்களும் இறங்கினார்கள். பிறகு கடைத்தெரு சலூன்காரர் சேர்ந்தார். அவர் தூண்டில் போடுகிறவர்கள் சங்கத்துக்குத் தலைவர். தூண்டில் முள்ளில் மீன் மாட்டுவதைவிட பிளாஸ்டிக் பை மாட்டுவதே அதிகமாகிவிட்டதால் சங்கமே கலையும் நிலையில் இருந்தது. மீன்வளத் துறையிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தாள். நகராட்சி வாரக் கடைசியில் குப்பை லாரியைக் கொடுத்தது. இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்க, ஆற்றுக்கு ஒரு கூட்டணி உருவானது. கூட்டம் நடப்பது சலூனில்தான். சுழல் நாற்காலிகளில் முக்கியஸ்தர்கள், பெஞ்சில் மற்றவர்கள். முகக்கண்ணாடியில் சவர நுரையால் ஆற்றை வரைந்து, எந்த வளைவில் யார் இறங்குவது என்று பளிச்சக்கா பிரித்துக் கொடுப்பார். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் வார்டு என்று பெயர். "பெண்கள் வார்டு முடிஞ்சுது, எலும்பு முறிவு வார்டுல ரெண்டு டயர் பாக்கி" என்று அவர் சொல்வதை வழியில் போகிறவர்கள் கேட்டால் திகைத்துப்போவார்கள்.

ஆனால் எவ்வளவு எடுத்தாலும் தண்ணீர் கலங்கலாகவே வந்தது. காரணம் மேலே இருந்தது. ஊருக்கு மேற்கே பால்பண்ணைக்காரரின் மாடுகள் நாள் முழுக்க ஆற்றில் இறங்கி ஏறின. கரை இடிந்து, சேறும் சாணமும் கரைந்து கீழே வந்தன.

"மேல்மாடியில குழாய் ஒழுகிட்டு இருக்கு. நாம கீழ்மாடியைத் துடைச்சுட்டே இருக்கோம்" என்றார் பளிச்சக்கா.

பால்பண்ணைக்காரரிடம் யார் பேசுவது? ஆள் முரடு, வாயும் முரடு. சலூன்காரர் ஒரு வழி சொன்னார். பால்பண்ணைக்காரர் அவரிடம்தான் சவரம் செய்துகொள்வார். ஒரு நாள் அவருக்குப் பாதி முகம் மழித்து, மீதிப் பாதியில் நுரை இருக்கும்போது சலூன்காரர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். சரியாக அந்த நேரத்தில் பளிச்சக்கா உள்ளே நுழைந்தார்.

"அண்ணே, கரையோரமா ஒரு வேலி போட்டுக்கறோம். மாட்டுக்குத் தண்ணி குடிக்கக் குழாய் இழுத்துத் தொட்டி கட்டித் தர்றோம். ஆறு பிழைச்சுக்கும்."

"என் மாடு எங்க தண்ணி குடிக்கணும்னு ஆஸ்பத்திரில முடிவு பண்றீங்களா?"

"கொஞ்சம் தலையை ஆட்டாம இருங்க, கத்தி பட்டுடும்" என்றார் சலூன்காரர்.

"கழுத்துல கத்தியை வச்சுட்டு நிலம் கேக்கறீங்க. இதுக்கு வேற பேரு இருக்கு" என்றார் பால்பண்ணைக்காரர். ஆனால் அவருடைய வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று கண்ணாடியில் தெரிந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். "வேலி போட்டா மீன் பெருகும்னு சொல்றீங்க. பாக்கறேன். அடுத்த மழைக்காலம் முடியறதுக்குள்ள மீன்குஞ்சு என் கண்ணுல படணும். படலைன்னா வேலியைப் பிடுங்கி வீசிடுவேன். அப்புறம் இந்தக் கடைப்பக்கமும் வரமாட்டேன், தாடி வளத்துக்குவேன்."

அந்த வேலிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்பது பளிச்சக்காவுக்குத் தெரியும். அது போனால் ஆறு பழையபடி. கல் ஊன்றி வேலி நட்ட சில வாரங்களிலேயே தண்ணீர் தெளியத் தொடங்கியது. பிறகு கோடை வந்தது, ஆறு இளைத்து ஓடியது, அடியில் கிடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. அதே சமயத்தில் மீன்வள அதிகாரி பிரசவ விடுப்பில் போனாள்.

தவறு அங்கேதான் நடந்தது. பளிச்சக்காவின் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

பிளாஸ்டிக், டயர், மெத்தை எல்லாம் தீர்ந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. மக்கிய இலைகளை அள்ளினார்கள். பாசியை வழித்தார்கள். தண்ணீருக்குள் தலைமுடிபோலத் தொங்கிய வேர்களை நறுக்கினார்கள். நாணலை அறுத்தார்கள். பால்பண்ணைக்குக் கீழே, ஆற்றில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பட்ட மரம் எந்தக் காலத்திலோ விழுந்து கிடந்தது. அதை ரம்பம் போட்டு அறுத்து லாரியில் ஏற்றினார்கள். சலூன்காரர் தடுக்கவில்லை, அவருடைய தூண்டில் முள் அந்த மரத்தில்தான் அடிக்கடி சிக்கும். வேலை முடிந்தபோது ஆறு ஆஸ்பத்திரித் தாழ்வாரம்போல நீட்டாக, வழவழவென்று கிடந்தது. பத்திரிகையில் படம் வந்தது. நகராட்சி ஒரு கேடயம் கொடுத்தது. வார்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். பளிச்சக்கா ஒவ்வொரு ஜன்னலாகப் போய், தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் ஆற்றைக் காட்டினார்.

மழைக்காலத்தின் முதல் மழைகள் பெய்த பிறகு அதிகாரி வேலைக்குத் திரும்பினாள். கைவலையோடு ஆற்றுக்கு வந்தவள் கரையில் அப்படியே நின்றாள்.

"அக்கா, இங்க ஒரு மரம் கிடந்துச்சே?"

"எடுத்துட்டோம்!"

"வேரெல்லாம்?"

"அதையும்தான். எப்படி இருக்கு பாத்தியா?"

அவள் தண்ணீரில் இறங்கினாள். ஒவ்வொரு வளைவாக வலையைப் போட்டு எடுத்தாள். முந்தைய வருஷம் அழுக்கு ஆற்றில்கூட நாலு கெண்டைக்குஞ்சு மாட்டியது. இப்போது வலையில் வந்தது தண்ணீர் மட்டும்தான். மரக்கிளையில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியையும் காணோம்.

"கெண்டை முட்டை பசைபோல ஒட்டற முட்டை அக்கா. வேருல, பாசியில, கிளையில ஒட்டித்தான் பொரியும். பொரிஞ்ச குஞ்சு வெள்ளத்துல அடிச்சுட்டுப் போகாம ஒதுங்கறதுக்கு மரம் வேணும். இங்க ஒண்ணுமே இல்ல."

பளிச்சக்காவுக்குக் கோபம் வந்தது. "அழுகின மரம், சேறு, பாசி, இதெல்லாம் கிடந்தாத்தான் மீன் இருக்குமா? சுத்தமான தண்ணியில மீனுக்கு என்ன குறைச்சல்?"

அதிகாரி வலையை உதறிக் கரையில் வைத்தாள். "அக்கா, நான் கோடையில உங்க வார்டுலதான் பெத்துக்கிட்டேன். கட்டில், படுக்கை, திரை எல்லாத்தையும் தூக்கி வெளிய எறிஞ்சுட்டு, தரையை மட்டும் பளபளன்னு துடைச்சு வச்சிருந்தீங்கன்னா நான் எங்க போய்ப் பெத்துக்கறது?"

பளிச்சக்கா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். திறந்த வாயை அவர் பேசாமல் மூடியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்ததாக வார்டுப் பெண்கள் பிறகு சொன்னார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பை எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கணவர் டிப்போவிலிருந்து வந்த கையோடு சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"அடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நான் ஆத்தைக் கெடுத்துட்டேங்க."

அவர் சொல்லி முடிக்கும்வரை கணவர் குறுக்கே பேசவில்லை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். "ஊர்ல அவனவன் அசிங்கம் பண்ணி ஆத்தைக் கெடுப்பான். சுத்தம் பண்ணியே கெடுக்கறதுக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது."

பளிச்சக்கா களுக்கென்று சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிற்று. கணவர் அருகில் வந்து தோளைத் தொடப் போய், தன் கை கழுவாத கை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். பளிச்சக்காவே அந்தக் கையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

சலூனில் கூட்டம் கூடியபோது பேச்சு ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தது: பால்பண்ணைக்காரரிடம் என்ன சொல்வது? சலூன்காரர் மெல்லச் சொன்னார்: "மழை சரியில்லைன்னு சொல்லிடலாம்க்கா. இல்லைன்னா மீனுக்கு ஏதோ நோய்னு. இன்னும் ஒரு வருஷம் தவணை கேப்போம். நாமதான் கெடுத்தோம்னு சொன்னா அந்த மனுஷன் அன்னிக்கே வேலியைப் பிடுங்குவான்."

"நோய்னு சொன்னா, வேலியால பிரயோஜனம் இல்லைன்னு நினைச்சுக்குவாரு" என்றார் பளிச்சக்கா. "வேலி ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது. ஒழுங்கா செய்யாதது நான். பழியை வேலி மேல போடமாட்டேன்."

மறுநாள் பால் கறக்கும் நேரத்தில் அவர் தனியாகப் பண்ணைக்குப் போனார். மாட்டுக் கொட்டகையில் பால்பண்ணைக்காரர் மடி கழுவிக்கொண்டிருந்தார். காலடியில் சாணம். எந்த இடத்தில் கால் வைப்பது என்று பளிச்சக்கா தயங்கியதை அவர் ரசித்துப் பார்த்தார்.

"என்னம்மா, மாட்டுக்கு வார்டு சுத்தம் பண்ண வந்தீங்களா?"

"அண்ணே, ஆத்துல மீன் இல்ல. இனியும் இந்த மழைக்கு வரும்னு உறுதி கிடையாது. காரணம் உங்க மாடு இல்ல, வேலி இல்ல. நான். மீன் முட்டை வைக்கிற இடத்தையெல்லாம் நான் வழிச்சுத் துடைச்சுட்டேன்."

பால்பண்ணைக்காரர் வாளியைக் கீழே வைத்தார். "அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"இல்லண்ணே. உங்க மேட்டுல காத்துல சாஞ்ச பெரிய மரம் ஒண்ணு கிடக்கு. வேரோட கிடக்கு. அது வேணும்."

"எதுக்கு?"

"ஆத்துல போட."

 பால்பண்ணைக்காரர் கொட்டகை அதிரச் சிரித்தார். "போன கோடையில ஆத்துல கிடந்த மரத்தை எடுத்துட்டுப் போனீங்க. பேப்பர்ல போட்டோ போட்டாங்க. இப்ப என் நிலத்துல கிடக்கற மரத்தை எடுத்து ஆத்துல போடணும். அடுத்த வருஷம் ஆத்தை எடுத்து என் நிலத்துல விடுவீங்களா?"

"சிரிங்கண்ணே. சிரிச்சு முடிச்சுட்டு மரத்தைக் குடுங்க."

சிரித்து முடிக்க அவருக்கு நேரமாயிற்று. "எடுத்துக்கங்க. ஆனா கெடு கெடுதான். மழை முடிஞ்சா நான் பாப்பேன். இன்னொண்ணு, வெள்ளத்துல அது பிச்சுக்கிட்டுப் போய் என் பாலத்துல மோதுச்சுன்னா, வேலியோட சேத்து உங்க கூட்டணியையும் தூக்கி ஆத்துல போட்டுடுவேன்."

கூட்டணியில் பாதிப் பேர் அந்த வாரமே நின்றுவிட்டார்கள். இடுப்பொடிய அள்ளியதைத் திரும்பக் கொட்டுவதற்கு அவர்கள் பைத்தியமா? டீக்கடையில் பேச்சு தூள் பறந்தது. "அந்தம்மாவுக்கு இப்ப ஆத்துல குப்பை போடற வேலையாம்." "வீட்டுலயும் போடுமா, கேட்டுச் சொல்லு." பளிச்சக்கா அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். ஒரு நாள் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "போடத்தான் போறேன். காஞ்ச கிளை இருந்தா நீங்களும் கொண்டாங்க. டம்ளரை மட்டும் கொஞ்சம் கழுவிக் குடிங்க, விளிம்புல ஈ உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையிலிருந்து மூன்று பேர் கிளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கணவர் டிப்போ மேலாளரிடம் கெஞ்சி, பழுதான பஸ்களை இழுத்து வரும் வண்டியைச் சங்கிலியோடு ஓட்டி வந்தார். வேர்ப்பக்கம் நீரோட்டத்தைப் பார்த்து இருக்கும்படி மரத்தை ஆற்றில் கிடத்தி, இரு கரையிலும் முளை அடித்துச் சங்கிலியால் கட்டினார்கள். வார்டுப் பெண்கள் காய்ந்த கிளைகளைக் கட்டாகக் கட்டிக் கரையோரம் பதித்தார்கள். பளிச்சக்கா கட்டிய கட்டுகள் எல்லாம் நுனி ஒன்றாக வெட்டி, முடிச்சு ஒரே பக்கம் வைத்து, கடையில் வாங்கியவைபோல இருந்தன.

"அக்கா, கொஞ்சம் கலைச்சு விடுங்க" என்றாள் அதிகாரி. "இவ்வளவு ஒழுங்கா இருந்தா மீன் பயந்துடும்."

பளிச்சக்கா கலைத்தார். கலைப்பது அவருக்குக் கட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு கிளையை வளைத்து விட்டு, பின்வாங்கிப் பார்த்து, கை தானாக நீண்டு அதை நேராக்கியது. மறுபடி வளைத்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். நேராக்கப் பழகிய அந்தக் கைகளை அவர் தானே அதட்டி அடக்கியதைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பெருமழை வந்தது. விடாமல் பெய்தது. வார்டு ஜன்னல் வழியாகப் பளிச்சக்கா பார்த்தபோது ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி ஓடியது. அதில் மிதந்து போன ஒவ்வொரு கிளையும் தன் கிளை என்றே அவருக்குத் தோன்றியது. வேலை முடிந்ததும் நனைந்தபடியே பண்ணைப் பாலத்துக்கு ஓடினார்.

அங்கே பால்பண்ணைக்காரர் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, கையில் மாட்டுக் கயிற்றோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். ஒரு முளை பிடுங்கிக்கொண்டு சங்கிலி தளர்ந்திருந்தது. மரம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"வேடிக்கை பாக்கறீங்களே, இந்த நுனியைப் பிடிங்கம்மா!"

பளிச்சக்கா பிடித்தார். எதில் கட்டுவது? பக்கத்தில் வலுவாக இருந்தது வேலியின் மூலைக்கல் ஒன்றுதான். இரண்டு பேரும் கயிற்றை அதில் சுற்றி இழுத்தார்கள். கை எரிந்தது. சேறு முகத்தில் அடித்தது. மரம் நின்றது. பால்பண்ணைக்காரர் மூச்சு வாங்கக் கயிற்றைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"நாசமாப் போச்சு. இனி வேலியைப் பிடுங்கினா மரம் வந்து என் பாலத்தை இடிக்கும்."

"பிடுங்காதீங்க" என்றார் பளிச்சக்கா.

"அதெல்லாம் கிடையாது. கெடு கெடுதான். மரத்தை வேற எதுலயாவது கட்டிக்கறேன்."

மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்த ஒரு காலையில் எல்லாரும் மரத்தருகே கூடினார்கள். மரத்துக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் ஒரு மடுவாகத் தேங்கியிருந்தது. கிளைகளில் பாசி படர்ந்திருந்தது. கிளைக்கட்டுகளில் சிலவற்றை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பால்பண்ணைக்காரர் கையில் கடப்பாரையோடு வந்திருந்தார். சும்மா ஊன்றிக்கொள்ள என்றார். 

அதிகாரி வேர்களின் அடியில் கைவலையை விட்டு மெல்லத் தூக்கினாள். சேறு. மக்கிய இலை. ஒரு நத்தை.  அதிகாரி வலையைத் தண்ணீரில் லேசாக அலசினாள். இலைகள் விலக, வலையின் அடியில் ஏதோ துடித்தது. கண்ணாடிச் சில்லுபோல ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வலை முழுக்கத் துள்ளல்.

பால்பண்ணைக்காரர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "இதுவா மீனு? உடம்பே காணோம், கண்ணு மட்டும்தான் இருக்கு."

"உடம்பு வளரும்ணே" என்றாள் அதிகாரி.

சலூன்காரர் கடைக்கண்ணால் கடப்பாரையைப் பார்த்தார். பால்பண்ணைக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார். பளிச்சக்கா அந்தச் சேற்றுக் கரையிலேயே, துணி அழுக்காகும் என்ற நினைப்பே இல்லாமல், பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனவர்கள் ஓடி வந்து, பால்பண்ணைக்காரர் வேலியைப் பிடுங்குகிறார் என்றார்கள். பளிச்சக்கா அலறியடித்துக்கொண்டு போனார். பால்பண்ணைக்காரர் பிடுங்கத்தான் செய்தார். மரத்தைக் கட்டிய மூலைக்கல்லை மட்டும் விட்டுவிட்டு, மற்ற கற்களைப் பிடுங்கி, தன் மேய்ச்சல் நிலத்துக்குள் நன்றாகத் தள்ளி நட்டுக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு முன்னைவிட இருமடங்கு அகலமான கரை கிடைத்திருந்தது.

"என்னண்ணே இது?"

"அங்க ஈரமா இருக்கு, கல்லு நிக்க மாட்டேங்குது. அதான்."

அங்கே ஈரம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "வெறுமனே நிக்காம கல்லைப் பிடிங்க" என்றார் அவர். பளிச்சக்கா பிடித்துக்கொள்ள, அவர் மண்ணைப் போட்டு இடித்தார். மாலை வரை வேலை நடந்தது.

அதற்குப் பிறகும் பளிச்சக்கா பல வருஷங்கள் ஆற்றில் இறங்கினார். மற்ற ஊர்களிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தால், முதலில் பிளாஸ்டிக் எடுத்த கதையைச் சொல்ல மாட்டார். மரத்தை எடுத்த கதையைத்தான் சொல்வார். "நான் பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க. வேற புதுசா எதாவது பண்ணுங்க" என்பார். மீன்கொத்தி திரும்பியது. நாணல் முளைத்தது. தட்டான்கள் வார்டுக்குள்ளேயே வந்து டியூப்லைட்டில் உட்கார்ந்தன. துடைப்பத்தால் விரட்டப் போன பெண்ணை, "விடு, விருந்தாளி" என்று தடுத்தார். நீர்நாய் வரும் என்று அதிகாரி சொல்லிக்கொண்டே இருந்தாள். அது மட்டும் வரவில்லை.

உடம்புக்கு முடியாமல் போனபோது அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். எழுந்து ஜன்னல் வரை நடக்க முடியாது. கணவர் பக்கத்தில் இருந்தார். ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் பால்பண்ணைக்காரர் வந்தார். காலைக் கழுவி, தலை வாரி, மடிப்புக் கலையாத சட்டை போட்டு வந்திருந்தார். கட்டில் ஓரமாக வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த மரத்து மேல நீர்நாய் ஒண்ணு வந்திருக்கு. நாலு நாளா வருது. ஜோடியோட வருதுன்னு நினைக்கிறேன்."

பளிச்சக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஆனா கண்றாவி பண்ணி வச்சிருக்கும்மா. மரம் பூரா செதில். மீன் தலையைக் கடிச்சுத் துப்பி வச்சிருக்கு. விட்டை வேற. கிட்ட போனா நாறுது. நீங்க பாத்தீங்கன்னா வாளியோட ஓடி வந்துடுவீங்க."

"யாரும் கை வைக்கலையே?"

"நான் விடுவேனா?"

பளிச்சக்கா மெல்லச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. "உக்காருங்கண்ணே. விட்டை எப்படி இருந்துச்சு? எங்கெங்க கிடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

கணவர் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். பால்பண்ணைக்காரர் உட்கார்ந்து, செதில் எந்தக் கிளையில், தலை எந்த வேரிடுக்கில், நாற்றம் எந்தத் தூரம் வரைக்கும் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். நேரம் முடிந்தது என்று சொல்ல வந்த நர்ஸ் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.